இளநீர்க் கிணற்றுக்கு ஏற்ற மீன்

மாடி வீட்டை வாடகைக்குப் பார்க்க யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால், நேசையன் முதலில் மாடிக்குத் தண்ணீர் போகும் குழாயின் வால்வை இறுக அடைப்பார். பிறகு, மோட்டார் பழுதாகிவிட்டதே என்ற வருத்தத்தை முகத்தில் வரவழைத்துக்கொள்வார். வந்தவர்கள் படியேறி இறங்கி மூச்சு வாங்கும்போது, கடையில் வாங்கிய கேன் தண்ணீரைப் பித்தளைச் செம்பில் ஊற்றி நீட்டுவார்.

"குடிச்சுப் பாருங்க. நம்ம கெணத்து வெள்ளம். இளநி தோத்துப் போவும்!"

இந்த ஒழுங்கை அவர் பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்து வந்தார். மற்றபடி அவர் நல்லவர். எறும்புக்கு வழிவிட்டு நடப்பவர். கோயிலில் காணிக்கைத் தட்டு வரும்போது கண்ணை மூடிக்கொள்ளாதவர். கிணறு என்று வந்துவிட்டால் மட்டும் அவர் நாக்கு அவர் பேச்சைக் கேட்பதில்லை.

உள்ளபடி சொன்னால், அந்தக் கிணற்றுக்குத் தான் கடலா ஆறா என்பதே விளங்காமல் இருந்தது. வீடு இருந்தது கடியப்பட்டணம் போகும் சாலையில். வள்ளியாறு கடலில் கலக்கிற இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். கடல் ஒருபுறம் உப்பை அனுப்ப, ஆறு மறுபுறம் நன்னீரை அனுப்ப, இரண்டும் நேசையனின் கிணற்றுக்குள் வந்து சமாதானமாகக் குடியிருந்தன. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. குடிவந்தவர்கள் பால் காய்ச்சும் நாளிலேயே சாயா திரிந்துவிடும். சாயா திரிந்த வீட்டில் மனிதர்கள் எத்தனை நாள் தங்குவார்கள்? மாடி நிறைவதும் காலியாவதுமாக இருந்து, கடைசியில் காலியாகவே நின்றுவிட்டது.

அந்த வெறுமையை நேசையனின் மனைவி ரெத்தினபாயால் பொறுக்க முடியவில்லை.

"இஞ்ச பாருங்க, தலைக்கு மேல ஒரு ஆள் நடக்கிய சத்தம் இல்லாம எனக்கு இருப்புக் கொள்ளல்ல. இந்தத் தடவையும் ஆள் வரல்லன்னா, வீட்டப் பூட்டிட்டுச் சென்னைக்கு மவன் கிட்டப் போயிருவோம். சொல்லிப்போட்டேன்."

நேசையனுக்குச் சென்னை என்றாலே ஆகாது. மகனின் வீடு சென்னையில் வானத்துக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு மாடியில் இருந்தது. ஒருமுறை போயிருந்தபோது, கண்ணாடிச் சன்னலுக்கு உள்ளே அவரும் வெளியே காக்கையுமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே பொழுதைக் கழித்தார்கள். அவர் மேல் இரக்கப்பட்டுக் காக்கைதான் முதலில் பறந்துபோயிற்று.

இந்த நிலையில்தான் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து தஸ்ரின் என்ற இளம்பெண் வீடு பார்க்க வந்தாள். கூடவே அவளுடைய தாய் சுலைகா பீவி, முழங்காலைப் பிடித்தபடி, ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை இறைவனை அழைத்தபடி வந்தார்.

வழக்கம்போல மோட்டார் பழுதாகியிருந்தது. வழக்கம்போலச் செம்பு வந்தது. தஸ்ரின் ஒரு மிடறு குடித்தாள். அவள் முகம் மலரவில்லை.

"எல்லா வீட்டுலயும் இப்படித்தான் மாமா. ஒரு செம்பு தாறாங்க, இனிச்சுக் கெடக்கு. எந்த மாதிரி வெள்ளம் வேணும்னு நாம வாயத் தொறந்து சொன்னா, அந்த மாதிரிதான் எங்க வெள்ளம்னு அடிச்சுச் சொல்லுதாங்க. அதனால இப்பம் நான் ஒண்ணும் சொல்லியது இல்ல."

"பின்னே?"

அவள் வாசலில் நின்ற ஆட்டோவிலிருந்து ஒரு சிறிய கண்ணாடித் தொட்டியை எடுத்து வந்து கூடத்து மேசைமேல் வைத்தாள்.

"இதுல உங்க கெணத்து வெள்ளத்த நெறச்சு, அதுக்குச் சரிப்பட்டு வாற மீனா நீங்களே பாத்து விடுங்க. ஞாயித்துக்கெழம வந்து மீனப் பாத்துட்டு முடிவு சொல்லுதேன். மீனுக்குப் பொய் சொல்லத் தெரியாதுல்லா?"

"வாட்டி மோளே, என் முட்டு தேஞ்சு போச்சு" என்று சுலைகா பீவி வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "இன்னும் எத்தன வீடு ஏறி எறங்கணும் நான்?"

ஆட்டோ போன பிறகு நேசையன் தொட்டியைப் பார்த்தார். தொட்டி நேசையனைப் பார்த்தது.

"நல்ல வெள்ளத்து மீனு ரெண்டு நீந்துனாப் போதும், அந்தப் பிள்ள வந்துரும்" என்றார்.

"நம்ம வெள்ளத்துலயா?" என்றார் ரெத்தினபாய்.

நேசையன் சட்டையை மாட்டினார். குளச்சலுக்குப் பஸ் ஏறினார்.

குளச்சலில் அலங்கார மீன் கடை வைத்திருந்த ஜாஸ்பர், மீன்களைச் சொந்தக்காரர்களைப்போல அறிமுகம் செய்து வைப்பவர். "இவரு கொஞ்சம் கோவக்காரரு, அவிய ரொம்ப அமைதி" என்று ஒவ்வொன்றின் குணத்தையும் விரிப்பார். நேசையன் எதையும் காதில் வாங்காமல் இரண்டு தங்கமீன்களைக் காட்டினார். தங்கமீன் நன்னீரில் வாழ்வது என்று யாருக்கும் தெரியும் என்பது அவர் கணக்கு.

கணக்கு சரிதான். அதனால்தான் வினை வந்தது. கிணற்றுத் தண்ணீரில் விட்ட சிறிது நேரத்தில் தங்கமீன்கள் இரண்டும் ஒருபக்கமாகச் சாய்ந்து, வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டி, வீட்டுக்காரரைப் பற்றி ஏதோ சொல்ல முயன்றன.

"ஐயோ, பாவம்!" என்று பதறிய நேசையன், அவற்றை அள்ளி ஒரு வாளியில் போட்டு, அடுக்களைக்கு ஓடி, கேனை அப்படியே கவிழ்த்தார். மீன்கள் நிமிர்ந்தன. வாலை ஆட்டின.

"மீனு பொழச்சுது" என்றார் நிம்மதியுடன்.

"நாம எப்பிடிப் பொழைக்க? நாளைக்குக் கஞ்சி வைக்க வச்சிருந்த வெள்ளம் அது!" என்றார் ரெத்தினபாய்.

மறுநாள் நேசையன் மறுபடியும் ஜாஸ்பர் கடையில் நின்றார்.

"மக்கா, என் கூட்டாளி ஒருத்தன் வீட்டுக் கெணறு கொஞ்சம் உப்பு. அதுல கெடக்கிய மாதிரி மீனு வேணும்."

"கொஞ்சம்னா எவ்வளவு அண்ணாச்சி?"

"சாயா திரியும்."

"அது கெணறு இல்ல, கடலும் ஆறும் கலந்து கெடக்கிய காயலு" என்றார் ஜாஸ்பர். பிறகு உற்சாகம் பொங்க எழுந்தார். "நம்ம காயல்லயே முத்து முத்தா மீனு கெடக்கு. கரிமீன் குஞ்சு தாறேன். பள்ளத்தி தாறேன். நல்ல மஞ்சளு, செவப்புப் பொட்டு, பாத்தாக் கண்ண எடுக்க மாட்டிய."

"வேண்டாம், வேண்டாம். அதப் பாத்தா இந்தப் பக்கத்துல தொட்டிலுல கெடக்கிய பிள்ள கூடக் காயல் மீனுன்னு சொல்லிரும். மீனு உப்பு வெள்ளத்துல கெடக்கணும். ஆனா பாத்தா நல்ல வெள்ளத்து மீனு மாதிரி இருக்கணும்."

ஜாஸ்பர் தலையைச் சொறிந்தார். "உங்க கூட்டாளி மீனு வளக்காரா, இல்ல மாறுவேடப் போட்டி நடத்துதாரா?"

இருந்தாலும் தேடினார். பச்சை உடம்பில் கறுப்புப் புள்ளியோடு, பிள்ளைகள் வரைந்த படம்போல ஒரு குட்டிப் பேத்தை மீன் இருந்தது. வலையில் வரும் பெரிய பேத்தையை நஞ்சு என்று கண்டதும் தூக்கி எறிகிற ஊர் அது. ஆனால் இந்தக் குட்டியை யாரும் அடையாளம் காணமாட்டார்கள் என்று நேசையனுக்குத் தோன்றியது.

பேத்தைக்குக் கிணற்றுத் தண்ணீர் பரம திருப்தி. தன் வீட்டுக்கே வந்துவிட்டதுபோல் உலாவியது. நேசையன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தம் கிணற்றை ஒருவர் மனதாரப் பாராட்டுவதைப் பார்த்து மகிழ்ந்தார். அப்போது அடுக்களையில் குக்கர் விசிலடித்தது.

பேத்தை பந்தாக ஊதிப்போயிற்று.

"ஏட்டி! மீனு வெடிக்கப் போவுது!"

ரெத்தினபாய் கரண்டியோடு ஓடிவந்தார். பேத்தை மெல்லக் காற்றிறங்கிப் பழைய வடிவத்துக்கு வந்தது. இரண்டாவது விசில். மீண்டும் பந்து. அதே சமயம் நேசையனின் கைப்பேசியும் அலறியது. மறுமுனையில் தஸ்ரின்.

"மாமா, மீனு விட்டாச்சா? என்ன மீனு?"

"ஆத்து மீனு மக்களே! பேச்சிப்பாற அணைக்கு மேல, மலையில கெடக்கிய மீனு. சுத்தமான வெள்ளத்துலதான் உயிரோட இருக்கும்."

"மலை மீனா?" அவள் குரல் ஏனோ இறங்கியது. "சரி மாமா. ஞாயித்துக்கெழம வந்து பாக்கேன்."

மூன்றாவது விசில். நேசையன் அந்தப் பந்தைப் பார்த்தார். அந்த ஜீவன் படும் பாட்டை அவரால் பார்க்க முடியவில்லை.

"குக்கர நிப்பாட்டுட்டி."

"நிப்பாட்டுதேன். ஞாயித்துக்கெழம வர பச்சரிசியத் தின்னுங்க" என்றார் ரெத்தினபாய்.

பேத்தை பஸ் ஏறிக் குளச்சல் திரும்பிற்று. ஜாஸ்பர் அதை வாங்கிக்கொண்டு, "ஊதாத மீனு வேணும், உப்பு வெள்ளம் வேணும், காயல் மீனுன்னு தெரியவும் கூடாது" என்று விரல் மடக்கி யோசித்தார். பின்பு கண்கள் மின்ன ஒரு பெட்டியைத் திறந்தார். அதற்குள் ஈரச் சேற்றின்மேல், தவளைபோல் பிதுங்கிய கண்களும் இரண்டு குட்டைக் கைகள்போன்ற துடுப்புகளுமாக ஒரு மீன் உட்கார்ந்திருந்தது.

"இவரு வெள்ளத்துலயும் இருப்பாரு, வெளியிலயும் இருப்பாரு. பாத்தா மீனுன்னே ஆரும் சொல்லமாட்டாவ. மீனு இல்லன்னு ஆயிட்டா, காயல் மீனுன்னு எப்பிடிச் சொல்லுவாவ?"

இந்த வாதத்தில் எங்கோ ஓட்டை இருப்பதாக நேசையனுக்குப் பட்டது. ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

சேற்று மீன் தொட்டிக்குள் விடப்பட்டது. விட்ட மாத்திரத்தில் தண்ணீரிலிருந்து வெளியேறி, நடுவில் வைத்திருந்த கல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நேசையன் விரலால் மெல்லத் தண்ணீருக்குள் தள்ளினார். அது மறுபடியும் ஏறிற்று. பந்திக்கு அழைத்துச் சோறு போடாத வீட்டு விருந்தாளிபோல அவரையே முறைத்தது.

ரெத்தினபாய் இடுப்பில் கைவைத்துக் கொண்டு நின்றார். "வெள்ளம் இளநி மாதிரி இருந்தா, அது என்னத்துக்கு வெளிய வந்து இருக்கு?"

"காத்து வாங்குதுட்டி."

"மீனா?"

காற்று வாங்கியது போதாதென்று அது மாலையில் தொட்டியையே விட்டுப் போய்விட்டது. கட்டிலுக்கு அடியில் தேடினார்கள். அரிசிப் பானையில் தேடினார்கள். கிரைண்டருக்குள் தேடியபோது ரெத்தினபாய் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் பக்கத்து வீட்டு ராஜகுமார் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கையில் ஏந்தியபடி வாசலில் வந்து நின்றார். ஊரில் நடக்கும் எதையும் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பதே அவர் வேலை.

"அண்ணாச்சி, உங்க வீட்டு மீனு எங்க வீட்டுக்கு நடந்து வந்துது. நான் மீனு நீந்திப் பாத்திருக்கேன், பொரிச்சுப் பாத்திருக்கேன். நடந்து இப்பந்தான் பாக்கேன். என்ன, உங்க வெள்ளம் பிடிக்கல்லியாமா?"

"சும்மா ஒரு நடை நடந்துட்டு வரட்டும்னு நாந்தான் விட்டேன்" என்றார் நேசையன், சிரட்டையை வாங்கிக்கொண்டு.

நான்காவது முறையாகக் குளச்சல் போனபோது, பஸ் நடத்துநரே "மீனு சுகமா இருக்கா?" என்று விசாரித்தார். ஜாஸ்பரும் இப்போது இதைத் தம் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஊதாது. நடக்காது. வெள்ளி மாதிரி மேனி, கறுப்பு வரி. கையெடுத்துக் கும்பிடலாம்போல இருக்கும். ஒரே ஒரு பழக்கம் மட்டும் உண்டு அண்ணாச்சி."

"பாட்டுப் பாடுமா?"

"சே! பூச்சியக் கண்டா வெள்ளத்தப் பீச்சி அடிச்சு விழத்தாட்டும். குறி தப்பாது."

"நம்ம வீட்டுல பூச்சி கெடையாது" என்று நேசையன் பெருமையாகச் சொன்னார்.

பூச்சி கிடையாதுதான். ஆனால் ரெத்தினபாய்க்கு மூக்குத்தி இருந்தது. தொட்டியை எட்டிப் பார்த்த அவர் முகத்தில் முதல் தண்ணீர் அம்பு பாய்ந்தது. அவர் திரும்பவும் அந்தப் பக்கம் போகவில்லை. முக்காடு போட்டுக்கொண்டு சுவரோரமாக நடமாடினார்.

இரண்டாவது அம்புக்கு ராஜகுமார் வந்து சேர்ந்தார். நடந்த மீன் சுகமா என்று கேட்கவந்தவர், தொட்டிக்கு நேரே குனிந்து, புது மீனைக் கண்டதும் வழக்கம்போல வாயைப் பிளந்து சிரித்தார். முன்வரிசையில் அவருக்கு ஒரு தங்கப்பல் உண்டு. அது மின்னியது. குறி தப்பவில்லை.

ராஜகுமார் வாயை மூடினார். நாக்கைச் சுழற்றினார். கண்கள் விரிந்தன.

"அண்ணாச்சி! உப்பு! கரிக்கி!"

"அது வெள்ளம் இல்ல" என்றார் நேசையன், ஒரு நொடியும் தயங்காமல். "மீனோட எச்சி."

"எச்சியா?" ராஜகுமார் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். முற்றத்துக் குழாயில் வாய் கொப்புளித்தார். மறுபடியும் அலறினார். "இதுவும் உப்பு! இது எந்த மீனோட எச்சி?"

அதற்குப் பதில் சொல்ல நேசையன் அங்கே இல்லை. அவர் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டிருந்தார்.

சனிக்கிழமை பிறந்தது. காயலில் வாழத் தகுந்த ஒவ்வொரு மீனும் தன் தன் முறையில் அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டது. கதைகளில் வரும் நரிகூட ஒரு முறை மாட்டிக்கொண்டால் காட்டுக்குள் போய்விடும். நேசையனுக்கோ சென்னைக் காக்கை கண்முன்னால் வந்து நின்றது.

அப்போதுதான் மூலையில் இருந்த வாளியில் 'ளொப்' என்று ஒரு சத்தம் கேட்டது. தங்கமீன்கள்! கேன் தண்ணீரில் தின்று கொழுத்து, சொந்த வீடு கட்டியவர்கள்போல் மினுமினுத்துக் கொண்டிருந்தன.

நேசையன் நெற்றியில் அடித்துக்கொண்டார். மீனை மாற்றி மாற்றி அலைந்தாரே, தண்ணீரை மாற்றியிருந்தால் போதாதா? அம்பு விட்ட மீனைக் கிணற்றுத் தண்ணீரோடு ஒரு குடத்துக்கு மாற்றி, தொட்டியைக் கழுவித் துடைத்து, புதுக் கேன் ஒன்றை உடைத்து நிறைத்தார். தங்கமீன்களை விட்டார். அவை சுற்றிச் சுற்றி நீந்தின. படத்தில் பார்ப்பதுபோல் இருந்தது.

"எப்பிடி?" என்று மனைவியைப் பார்த்தார்.

ரெத்தினபாய் குனிந்து தொட்டியைப் பார்த்தார்.

"பொய் சொல்லத் தெரியாத ஜீவன்னு அந்தப் பிள்ள சொல்லிச்சு. அதையும் பழக்கிட்டியளே" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து அவர்கள் வீடு திரும்பவும், ஆட்டோ வரவும் சரியாக இருந்தது. சுலைகா பீவி இறங்கவில்லை. "நீ போய்ப் பாத்துட்டு வா. வேணும்னா ஏறுதேன், வேண்டாம்னா இப்படியே திரும்புதேன்" என்று முழங்காலைத் தடவிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

தஸ்ரின் கூடத்துக்குள் வந்தாள். மலை மீன் இருக்கும் என்று வந்தவள், தங்கமீன்களைக் கண்டதும் நின்றாள். பக்கத்தில் வந்து பார்த்தாள். சுண்டுவிரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தாள்.

நேசையன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல வெள்ளந்தான் மாமா" என்றாள் மெதுவாக. "நீங்க சொன்னது உள்ளதுதான்."

"நான்தான் அப்பமே சொன்னேனே! சாவி எடுத்துட்டு வரட்டா?"

"இல்ல மாமா. வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு. எனக்குத்தான் கொடுத்து வைக்கல்ல." அவள் தொட்டியின் விளிம்பைத் தடவினாள். முகம் வாடியிருந்தது. பிறகு ஏதோ நினைவு வந்தவளாக நிமிர்ந்தாள். "ஆனா உங்க மாடி காலியாக் கெடக்காது. என்கூடப் படிச்ச அஸ்வதின்னு ஒருத்தி, கைப்பிள்ளைய வச்சிட்டு நல்ல வெள்ளம் உள்ள வீடாட்டுத் தேடிட்டு இருக்கா. இப்பம் இருக்கிய வீட்டுல உப்பு வெள்ளத்துல குளிப்பாட்டி, அந்தப் பிள்ளைக்கு மேலெல்லாம் செவந்து தடிச்சுப் போச்சு. நான் கண்ணால பாத்தேன்னு சொன்னா அவ வந்து பாக்கக்கூட மாட்டா. சாயங்காலமே சாமானோட வந்துருவா."

நேசையன் நினைத்தது நடந்துவிட்டது. மாடி நிறையப் போகிறது. தலைக்குமேல் ஆள் நடக்கும். ஒரு குழந்தை தவழும். சென்னை இல்லை, காக்கை இல்லை. அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ரெத்தினபாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தஸ்ரின் படியிறங்கி ஆட்டோவுக்குப் போனாள். கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தாள்.

"மக்களே, நில்லு!"

நேசையன் செருப்புக்கூடப் போடாமல் முற்றத்துக்கு ஓடிவந்தார். அங்கிருந்த குழாயைத் திருகித் திறந்தார். குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. இரு கைகளாலும் அள்ளி, விரலிடுக்கில் ஒழுக ஒழுக, ஆட்டோவை நோக்கி நீட்டினார்.

"அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லாத. இதுதான் எங்க கெணத்து வெள்ளம். நாக்குல வச்சுப் பாரு. நீ அன்னைக்குக் குடிச்சது கேன் வெள்ளம். அந்தத் தொட்டியில கெடக்கியதும் கேன் வெள்ளம். மோட்டாருக்கு ஒரு கேடும் இல்ல. இங்கன இருந்துட்டுப் போனவங்க எல்லாரையும் இப்படித்தான் நான் பொய் பறஞ்சு ஏமாத்துனேன். ஒவ்வொருத்தரு வீட்டுக்கும் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேக்கணும். மாடி காலியாக் கெடந்தாக் கெடக்கட்டும், சென்னைக்குப் போறதுன்னா போறோம். அந்தப் பச்சப்பிள்ளைய இந்த உப்புல குளிப்பாட்டாண்டாம்."

தஸ்ரின் கைப்பேசியைத் தாழ்த்தினாள். அவர் உள்ளங்கையில் மிஞ்சியிருந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். இன்னொரு முறை வைத்தாள். கண்கள் மெல்ல விரிந்தன. தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

திட்டு வாங்குவதற்குத் தயாராக நேசையன் தலையைக் குனிந்து நின்றார். ஆட்டோவுக்குள்ளிருந்து சுலைகா பீவி, முழங்கால் வலியை அங்கேயே விட்டுவிட்டு, துள்ளிக் குதித்து இறங்கினார்.

"யா அல்லாஹ்! ஆட்டோவ அனுப்புட்டி மோளே! பள்ளத்தி மீனு வளத்து விக்கியதுக்கு உப்பு வெள்ளக் கெணறு வேணும்னு இவ என்னைய ஊரு ஊராக் கூட்டிட்டு அலையுதா. போன வீட்டுல எல்லாம் நல்ல வெள்ளம்னே சத்தியம் பண்ணுதானுவ. உப்புன்னு உள்ளதச் சொன்ன மொதல் வீட்டுக்காரரு நீங்கதான் அண்ணே!"